முதல் ஆணி

கரும்பேட்டையில் ஒரு தோல் ஜாக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு நாலைந்து வருஷம் காத்திருக்கிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடியதை ஊரே மறந்துபோன, சித்திரை பிறந்ததும் நாய்கள் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிற, பஸ் கம்பியைப் பிடித்தவர்கள் கையை உதறி ஊதிக்கொள்கிற, தாலி ஏறுவதற்குள் கல்யாணப் பெண்ணின் பொட்டு மூக்குக்கு வழிந்துவிடுகிற ஊர் அது. அங்கே தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடக்க யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது வேண்டியிருந்தது, ஊரைவிட்டு ஒருவராவது போகாத வீடு கரும்பேட்டையில் இல்லை.

தைப்பவர் ஒரே ஒருவர், எசேக்கியேல் மாஸ்டர். ஒரு தோல் கம்பெனியின் வெட்டுமேசையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நீளமான ஒற்றை அறையில் தனியாகக் கடை போட்டவர். தோல் பொறுக்குவதும் அவர், வெட்டுவதும் ஒட்டுவதும் தைப்பதும் அவர், சாயங்காலம் கடையைப் பெருக்குவதும் அவர். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால், "என் ரெண்டு கைக்கே ஒண்ணுக்கொண்ணு ஆவறதில்ல, மூணாவது கை எதுக்கு?" என்பார். ஒரு கோட்டை அவர் முடிப்பதற்குள் ஊரில் ஒரு பருவம் போய்விடும். கோட்டு என்றுதான் ஊர் அதைச் சொல்லும்.

அவரிடம் டேப் கிடையாது, எழுதி வைக்கும் பழக்கமும் கிடையாது. வெள்ளைப் பருத்தி நூல் ஒன்றை ஆளின் கழுத்திலிருந்து இறக்கி, தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு, இடுப்புக்கு என்று போட்டு, அதைச் சுவரில் கடைசி ஆணியில் மாட்டிவிடுவார். கடைசி ஆணி வாசலோரம் இருந்தது, முதல் ஆணி தையல் மெஷினுக்கு நேர் மேலே இருந்தது. ஒரு கோட்டு முடிந்தால் அந்த ஆளின் நூலை முதுகுப்பக்கத்து உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டு, மற்ற நூல்களை ஆணிக்கு ஆணி ஓரிடம் நகர்த்துவார். வரிசை என்றால் அந்தச் சுவர்தான். அளவு கொடுத்தவர்கள் வரிசை நகர்வதற்குள் விமானம் ஏறிவிடுவார்கள், நூல் மட்டும் ஊரிலேயே இருந்து அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஒரு சித்திரை மாதத்துப் பகலில், சுவரில் ஊர்ந்துபோன பல்லி ஒன்று நடுவில் தொங்கிய நூலைத் தாண்டும்போது அப்படியே விறைத்துக் கீழே விழுந்தது. மாஸ்டர் நூலைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது. அது, வடக்கே கடைசியில் இருக்கும் ஏதோ ஒரு குளிர் தேசத்தில், மீனை உறைய வைக்கும் கிடங்கில் வேலை பார்க்கும் இளம்பரிதியின் நூல். பக்கத்து ஆணியில் இருந்த துபாய்க்காரரின் நூல் சுவரோடு சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கனடாக்காரரின் நூல் மறுபடி சில்லென்றிருந்தது. "அவனுங்களுக்கு அங்க குளுருது, இதுங்களுக்கு இங்க குளுருது" என்று மாஸ்டர் எதிர்க்கடை டீக்காரரிடம் சொன்னார். டீக்காரர் வந்து தொட்டுப் பார்த்து, "ஆமா" என்றார். அதற்கு மேல் யோசிக்க அந்த வெயிலில் யாருக்கும் தெம்பில்லை.

ஊர் யோசிக்கவில்லை, ஆனால் உட்கார வந்தது. முதலில் டீக்காரர் தன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நூல்களுக்குக் கீழே போட்டார்; பிறகு பூக்காரி தன் கூடையைக் குளிர் நூல்களுக்கடியில் வைத்தாள், சாயங்காலம் வரை மல்லிகை வாடாமல் இருந்தது; மோர்க்காரர் பானையை வைத்தார், மருந்துக்கடைக்காரர் சர்க்கரை வியாதி ஊசிகளை வைத்தார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள், வேர்க்குரு வந்த கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றி வரிசையாகப் படுக்கப் போட்டார்கள். சேர்மன் கோதண்டபாணி வந்து பார்த்துவிட்டு நகராட்சி சார்பில் பெரிய ஃபேன் ஒன்றைக் கடைக்குள் பொருத்த, அது குளிரை வாசல் வழியாகத் தெருவுக்கே அள்ளி வீசியது. மாஸ்டருக்கும் அதில் குறையில்லை. முன்பெல்லாம் அவர் வேர்வை சொட்டியே நல்ல தோலில் கறை விழும். இப்போது கை உலர்ந்து கிடந்தது, தோலும் சொன்னபடி கேட்டது. ஸ்வெட்டர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு ஊரில் எப்போதுமே மரியாதைதான், இப்போது அந்த மரியாதைக்குள்ளும் மேல் கீழ் வந்தது. துபாய், மஸ்கட் வீடுகளின் மவுசு இறங்கியது. குளிர் நாட்டு வீடுகள் ஏறின. எல்லாவற்றுக்கும் மேலே இளம்பரிதியின் மனைவி வளர்மதி இருந்தாள். அவள் வாசலில் கால் வைத்தாலே, "பரிதி ஊட்டம்மா வராங்க, நாற்காலிய விடுங்க" என்பார்கள். ஷூ கம்பெனியில் தினமும் நின்றே வேலை செய்து காலில் நரம்பு முடிச்சிட்டவள் அவள். பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அந்த நாற்காலியில் உட்காரும்போது அவளுக்குக் கர்வமாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

கர்வம் மட்டும் என்று சொன்னால் பாவம். இளம்பரிதி போகும்போது அவள் வயிற்றில் யாழினி நாலு மாதம். பிறந்த பிள்ளையை அவன் போனில் பார்த்தானே தவிர, தூக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே ராவும் பகலும் அழும். அப்பாவின் நூலுக்குக் கீழே படுக்கப் போட்டால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடும். கொஞ்சம் பெரியவளானதும் மார்பு முடிச்சில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அப்பா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். வளர்மதியும் யாரும் பார்க்காதபோது அந்த முடிச்சை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வாள். அவள் புருஷனைத் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஆகவே, இளம்பரிதியின் நூல் நகர்ந்து நகர்ந்து முதல் ஆணிக்கு வந்து, மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "உங்க முறை வந்துருச்சிம்மா. வெட்டட்டுமா?" என்று கேட்ட அன்று அவள் நூலைத்தான் பார்த்தாள். வெட்டினால் கோட்டு வரும். கோட்டு வந்தால் நூல் உள்துணிக்குள் போய்விடும், கடல் தாண்டிப் போய்விடும். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"கனடாக்காரர் ஊட்லயே முறைய விட்டுட்டாங்க, வெயில் போவட்டும்னு," என்றாள் பூக்காரி, பூவைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப எங்களதும் கடைசி ஆணிக்குப் போடுங்க மாஸ்டர்," என்றாள் வளர்மதி.

மாஸ்டர் எடுத்து மாட்டினார். கடைசி ஆணி வாசலோரம், ஃபேனுக்கு முன்னால். அன்று தெருவே குளிர்ந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக முறையை விட, ஒரு கோட்டும் தைக்காமலேயே வரிசை சுற்றிச் சுற்றி வந்தது. முதல் ஆணிக்கு வருகிற நூலெல்லாம் கடைசி ஆணிக்குப் போனது. ஊரில் இதற்கு ஆணி விடுவது என்று பேர் வந்தது. நல்ல குடும்பம் என்பதற்கு அடையாளமாக, "அவங்க ஆணி விட்ட ஊடு" என்று பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொன்னார்கள். மாஸ்டரின் மேசையில் விரித்து வைத்த தோல் மேல் குழந்தைகள் தூங்கின.

போனில் இளம்பரிதி கேட்பான்: "மதி, கோட்டு இன்னா ஆச்சி?"

"வரிசை நீளம்ங்க," என்பாள் அவள்.

"கம்பெனி குடுத்தது தோள்ல கிழிஞ்சிடுச்சி. மாத்திக் கேட்டா அதுக்கும் வரிசையாம். இங்க வாங்கலாம், வாங்குனா ஊட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. மாஸ்டர் கோட்டு வந்துட்டா ஆயுசுக்கும் வரும்."

"வந்துரும்ங்க. வரிசைதான் நீளம்."

முதல் தடவை சொல்லும்போது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்த தடவைகளில் தண்ணீர் குடிப்பது போல வந்தது. மறுபடி முறை வந்தபோது சேர்மனே நேரில் வந்து, மாரியம்மன் கூழ் வார்ப்பு முடியட்டும் என்றார், விட்டாள். இன்னொரு தடவை பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது, விட்டாள். பிறகு ஒரு தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை, மாஸ்டர் மட்டும் "வெட்டட்டுமா?" என்றார். அன்றைக்கும் அவள்தான் விட்டாள்.

அடுத்த சித்திரையில் நூல் மாறத் தொடங்கியது. முதலில் அதன்மேல் பொடிப் பொடியாக வெள்ளை பூத்தது. கடைக்குள் பேசுகிறவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. பிள்ளைகள் அதற்காகவே ஊதி ஊதி விளையாடினார்கள். பிறகு நூல் காற்றுக்கு ஆடாமல் குச்சியாக நின்றது. கை முடிச்சுக்குக் கீழே, விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளை நூல் நீலம் பாரித்தது. டீக்காரர் அது பூஞ்சை என்றார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஊசி மருந்தை இன்னும் கொஞ்சம் நூலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

அந்த வாரம் பேசும்போது இளம்பரிதியின் குரல் மெதுவாக வந்தது, கல்லுக்கு அடியிலிருந்து பேசுகிறவன் போல. பிள்ளையைக் கேட்டான். மழை பெய்ததா என்று கேட்டான். கோட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

"ஏங்க, கோட்டப் பத்தி இன்னும் கேக்கலயே?" என்றாள் அவளே.

"வரும்போது வரட்டும் மதி. இப்பல்லாம் எனக்குக் குளுரே தெரியறதில்ல. நல்லா கதகதன்னு இருக்குது."

அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம் போல மார்பு முடிச்சைப் பொத்தினாள். உள்ளங்கைத் தோல் நூலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது ரத்தம் வந்தது. இத்தனை நாளில் அவ்வளவு குளிர் அந்த நூலில் இருந்ததில்லை, அவனுக்கோ கதகதப்பாக இருக்கிறதாம். அவள் கையைப் பார்த்தாள், நீலம் பாரித்த முனையைப் பார்த்தாள்.

"வெட்டுங்க மாஸ்டர்," என்றாள்.

"உங்களுது நடு ஆணில இருக்குதும்மா."

"எல்லாரும் விட்டுட்டாங்க இல்ல? வெட்டுங்க."

பெஞ்சிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அன்று கத்திரி வெயில் ஆரம்பம். கடைக்குள் படுத்திருந்த குழந்தைகளின் தாய்மார்கள் எழுந்து வந்தார்கள், யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லார் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. "என் புள்ளைக்கு வெப்புல இழுப்பு வருதுக்கா," என்றாள் ஒருத்தி. சேர்மன் வேர்த்து விறுவிறுத்து வந்து, "கத்திரி மட்டும் கழியட்டும்மா, ஊரே உன் கால்ல விழும்," என்றார். நசீமா மட்டும் ஓரமாக நின்றாள். கல்யாணமான கையோடு புருஷனை நார்வேக்கு அனுப்பிவிட்டு வந்த சின்னப் பெண் அவள். அவனுடைய நூல் அப்போதுதான் வாசலோரம் சில்லிட ஆரம்பித்திருந்தது. வளர்மதி மேசைக்குப் போனாள். மேசையில் தூங்கிய குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதனதன் தாயிடம் கொடுத்து, தோலை உதறி விரித்தாள்.

மாஸ்டர் நூலைக் கழற்றினார். அது வளையவில்லை. குச்சியை வைத்துத் தோளை எப்படி அளப்பது? அவர் அதைத் துண்டில் வைத்து அவளிடம் நீட்ட, அவள் புடவைத் தலைப்புக்குள் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வெயிலில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையும் மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. பல் கிடுகிடுக்க, கத்திரி வெயிலில் வேர்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முடிச்சாக இளக இளக மாஸ்டர் வந்து வாங்கிப்போய் அளந்து வெட்டினார். அந்தக் கிழவர் தன் ஆயுளில் முதல் தடவையாக அவசரப்பட்டார். ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, சாப்பிடாமல், தலை நிமிராமல், மெஷினை மிதித்தார். ஊர் வாசலில் நின்று விசிறிக்கொண்டு, வெறுப்போடு பார்த்தது.

கை ஏறியது, காலர் ஏறியது, ஜிப் ஏறியது. நூல் மேசையில் கிடந்தது, குளிர்ந்தபடி. அந்தக் குளிர் இருக்கிற வரைக்கும் அவன் இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்திருந்ததால், அதைக் கண்ணெடுக்காமல் காவல் காத்தாள். முதுகுப்பக்கத்து உள்துணி மட்டும்தான் மிச்சம் என்று மாஸ்டர் சொன்ன மத்தியானத்தில் நூல் தளர்ந்தது. வெள்ளை உதிர்ந்து, முறுக்கு விட்டு, மேசை ஓரத்தில் சாதாரண நூலாகத் தொங்கியது. தொட்டாள். கடைச் சுவர் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடு.

"ரூமுக்குள்ள போயிருப்பாரு, ஹீட்டர் போட்டிருப்பாரு," என்றாள் பூக்காரி. அவளே அதை நம்பவில்லை. பிறகு போன் வந்தது. அவனோடு வேலை செய்யும் பையன் பேசினான். கிடங்குக்குள் மீன் பெட்டிகளுக்கு நடுவில், கிழிந்த கோட்டையும் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, தூங்குகிறவன் போல உட்கார்ந்திருந்தானாம்.

ஊர் நன்றாகத்தான் அழுதது. கடைகள் அடைத்தார்கள், வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள், வீடு கொள்ளாமல் பெண்கள் உட்கார்ந்தார்கள். உடம்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. காகிதங்கள் நடக்க வேண்டியிருந்தது, கையெழுத்துகள் வேண்டியிருந்தன, அங்கேயும் ஒரு வரிசை இருந்தது. வளர்மதி அழவில்லை. வரிசை நீளம், வரிசை நீளம் என்று தன் குரலே காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. தான்தான் கொன்றோம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் பால் தெளிக்க உடம்பில்லாமல் எல்லாரும் விழித்துக்கொண்டிருந்தபோது டீக்காரர் ஓடிவந்தார். "நூலு... திரும்ப வந்துட்டுது."

அவள் போய்ப் பார்த்தாள். மேசையில் நூல் விறைத்துக் கிடந்தது. முன்பு அந்தக் குளிர் ஏறும், இறங்கும். அவன் வேலைக்குப் போனால் கூடும், அறைக்கு வந்தால் குறையும், சில சமயம் முடிச்சில் கை வைத்தால் லேசாக நடுங்கும். இப்போது அது நடுங்கவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே சீராக, இரவும் பகலும் அலுக்காமல் குளிர்ந்தது. அவனை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. ஊருக்கும் விளங்கியது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மோர்ப்பானை திரும்பி வந்தது, பெஞ்சு வந்தது, குழந்தைகள் வந்தார்கள், முன்பைவிட நல்ல குளிர் என்று வெளியூரிலிருந்தும் வந்தார்கள்.

சேர்மன் மாலையோடு வந்தார். கை கூப்பினார்.

"எழுத்து வேலையெல்லாம் நானே முன்ன நின்னு பாக்குறேம்மா. ஆனா இன்னாத்துக்கு அவசரம்னு கேக்குறேன். அங்க பத்திரமாத்தான் வெச்சிருக்காங்க. மெதுவா வரட்டுமே. கத்திரி கழியட்டும்."

அவருக்குப் பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சிலர் அந்தத் தரையில்கூடக் கால் குளிர நின்றார்கள்.

வளர்மதி மாஸ்டரிடம் திரும்பினாள். "தைங்க."

மாஸ்டர் நூலை எடுத்து, முடிக்காமல் வைத்திருந்த முதுகுப்பக்கத்து உள்துணிக்குள் நீளவாக்கில் வைத்து, கையாலேயே தைத்து மூடினார். ஊசி பிடித்த விரல்கள் உணர்வற்றுப் போனபோது வாயில் வைத்து ஊதிக்கொண்டு தைத்தார். "மொதல் தடவ கேட்டப்பவே நான் வெட்டியிருக்கணும்மா," என்றார். "எனக்கும் சொகமா இருந்துது." அவள் அவரை மன்னிக்கவில்லை, திட்டவும் இல்லை.

பிறகு அந்தக் கோட்டை அவள் போட்டுக்கொண்டாள். இளம்பரிதியின் தோளுக்கு வெட்டியது அவள் தோளில் தொங்கியது, கை விரலைத் தாண்டித் தொங்கியது. பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டு ஜிப்பைப் பாதி இழுத்தாள். உச்சி வெயிலில், தார் இளகிக் கிடந்த தெருவில் இறங்கி, உடம்பைக் கேட்டுக் கையெழுத்துப் போட, கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸை நோக்கி நடந்தாள். அவள் போகிற வழியெல்லாம் குளிர் போயிற்று. காலரில் வெள்ளை பூத்தது. முதலில் ஊர் விலகி வழி விட்டது. பிறகு வெயில் சுட, ஒருவர் இருவராகப் பக்கத்தில் வந்து, அவள் நடைக்கு நடை கூடவே நடந்தார்கள். ஒருத்தி குழந்தையை அவள் முதுகுக்குப் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது சவ ஊர்வலமாகத்தான் தெரிந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டு முனையில் அவள் திரும்பிப் பார்த்தாள். கடைக்குள் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள், அடுத்த குளிர்ந்த நூலுக்கு அடியில். அவள் உட்காரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். நசீமா அதில் உட்கார்ந்திருந்தாள், முதுகு நிமிர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு.

வளர்மதி கூட்டத்தை இடித்துக்கொண்டு வாசல்வரை திரும்பி வந்தாள்.

"நசீமா, உன் முறை வந்தா வெட்டச் சொல்லிரு. விட்டுராத, கேக்குதா? நாளைக்கே வந்தாலும் வெட்டச் சொல்லிரு."

நசீமா சுவரைப் பார்த்தாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஆணி விட்டுவிட, அவள் புருஷனின் நூல் அதற்குள் முதல் ஆணிக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார். பெஞ்சிலிருந்தவர்களும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"வரிசை நீளம்க்கா," என்றாள் நசீமா.